எதையும் ஒதுக்காத மறைவல்லுநர் – புனித பெரிய ஆல்பர்ட்



நவம்பர் 15-ஆம் நாள் திருச்சபை புனித பெரிய ஆல்பர்ட்டை நினைவுகூருகிறது. நம் பங்குகளில் அந்த நாள் பெரும்பாலும் ஓசையின்றிக் கடந்துபோகிறது. நவம்பர் மாதம் இறந்தோரின் மாதம். கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கும் திருவருகைக் காலத்துக்கும் ஆயத்தம் தொடங்கிவிடும். இவருக்குக் கொடியேற்றம் இல்லை, நவநாள் இல்லை, தேர்பவனி இல்லை. நாங்கள் குருமடத்தில் மெய்யியல் படித்த நாட்களில்கூட இவருடைய பெயர் ஒரே வரியில் முடிந்துவிட்டது: தாமஸ் அக்குவினாசின் ஆசிரியர். அதற்குமேல் தேர்வில் கேள்வி வராது என்பதால் நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் பங்கில் பணிபுரியும் எவருக்கும் இவருடைய நினைவு வரத்தான் செய்யும். மே, ஜூன் மாதங்களில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வருகிறார்கள். மகன் வரலாறு படிக்க ஆசைப்படுகிறான், அதைப் படித்துவிட்டு என்ன செய்வான் என்று ஒரு தந்தை வருந்துகிறார். மகள் விலங்கியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம், அந்தப் புத்தகங்களைப் படித்தால் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவாளோ என்று ஒரு தாய் அஞ்சுகிறார். இந்தப் படிப்பால் என்ன பயன்? இந்தப் படிப்பால் விசுவாசத்துக்கு ஆபத்தா? இவ்விரண்டு கேள்விகளும் நம் காலத்தில் பிறந்தவை அல்ல. எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆல்பர்ட்டின் சொந்தச் சபைச் சகோதரர்களே அவரிடம் இவற்றைக் கேட்டார்கள். அவர் அதற்குச் சொல்லால் பதில் சொன்னதைவிடத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டுப் பதில் சொன்னார்.

ஆல்பர்ட் இன்றைய ஜெர்மனியில், டான்யூப் நதிக்கரையில் உள்ள லாவிங்கன் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டில் பிறந்தார். அரசர்களுக்குப் பணிசெய்த வீரர் குடும்பம். சிறுவயதில் வேட்டைநாய்களோடும் வல்லூறுகளோடும் வயல்வெளிகளில் திரிந்தவர். நாய்கள் புதரைக் கிளறிப் பறவைகளை எழுப்ப, மேலே வட்டமிடும் வல்லூறு பாய்ந்து பிடிக்கும். பல்லாண்டுகளுக்குப் பிறகு விலங்குகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியபோது இந்தச் சிறுவயதுக் காட்சிகளை மறவாமல் அதில் சேர்த்தார்.

இளைஞரானதும் படிப்புக்காக இத்தாலியின் பதுவை நகருக்குச் சென்றார். நம் மக்களுக்கு அந்தோணியார் பெயரால் நன்கு தெரிந்த அதே பதுவைதான். அங்கே 1222-இல் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. அந்த ஊரில் நெடுநாள் மூடிக்கிடந்த கிணறு ஒன்றைத் திறந்தபோது, உள்ளே இறங்கிய இருவர் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனதை ஆல்பர்ட் குறித்து வைத்திருக்கிறார். பேய் பிடித்தது என்று அவர் எழுதவில்லை. அடைபட்டுக் கெட்டுப்போன காற்றே காரணம் என்று எழுதினார். வெனிஸ் நகரில் ஓர் ஆலயத்துக்காகப் பளிங்குக்கல்லை அறுத்தபோது உள்ளே முடிசூடிய மன்னனின் தலை போன்ற உருவம் தெரிந்ததாம். கூடியிருந்தவர்கள் வியந்து நின்றார்கள். இளைஞரான ஆல்பர்ட்டோ கல் உருவான விதத்திலேயே அதற்கு விளக்கம் தேடினார். விளக்கம் சரியா தவறா என்பது வேறு செய்தி. காரணத்தைத் தேடும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

பதுவையில்தான் சாக்சனி நாட்டு ஜோர்டான் என்ற துறவியின் மறையுரையைக் கேட்டார். அவர் புனித சாமிநாதருக்குப் பின் அச்சபையின் தலைவராக இருந்தவர். அவரால் ஈர்க்கப்பட்டு ஆல்பர்ட் ஏறத்தாழ 1223-இல் சாமிநாதர் சபையில் சேர்ந்தார். குதிரை ஏறக்கூடாது, பணம் வைத்திருக்கக்கூடாது, வழியில் பிச்சை எடுத்து உண்ண வேண்டும் என்பது அச்சபையின் ஒழுங்கு. வீரர் குடும்பத்துப் பிள்ளை அதை ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. சபையின் 1228-ஆம் ஆண்டுச் சட்டம், பிற சமயத்தாரும் மெய்யியலாரும் எழுதிய நூல்களைச் சகோதரர்கள் ஆழ்ந்து கற்கலாகாது, மேலோட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றது. உலகக் கலைகளைக் கற்கத் தலைவரின் தனி அனுமதி வேண்டும். பாரிஸ் நகரில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைக் கொண்டு பாடம் நடத்த 1210-இலும் 1215-இலும் அங்கே தடை விதிக்கப்பட்டிருந்தது. அந்த அச்சத்தை நாம் எளிதாகப் பழிக்கக்கூடாது. உலகம் தொடக்கமின்றி என்றும் இருந்தது என்று அந்த நூல்கள் சொல்லின. அரபு மொழி வழியாக, இபின் சினா, இபின் ருஷ்து போன்ற முஸ்லிம் அறிஞர்களின் விளக்கங்களோடு அவை வந்து சேர்ந்தன. கிறிஸ்தவ ஆசிரியர்களின் கையில் அதற்கு ஈடான இயற்கை அறிவு இல்லை. ஒதுக்கிவிடுவதே பாதுகாப்பு என்று நல்லவர்கள் பலரும் எண்ணினார்கள்.

ஆல்பர்ட் ஒதுக்கவில்லை. ஜெர்மனியின் துறவு இல்லங்களான ஹில்டஸ்ஹைம், ஃபிரைபர்க், ரேகன்ஸ்பர்க், ஸ்ட்ராஸ்பர்க் ஆகியவற்றில் பாடம் நடத்திய ஆண்டுகளில் அவர் போன இடமெல்லாம் பார்த்துக்கொண்டே போனார். 1240-இல் சாக்சனியில் வால்நட்சத்திரத்தைக் கண்டார். உலோகங்களைப் பற்றி அறிய நெடுந்தூரம் நடந்து சுரங்கங்களுக்குச் சென்று, அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டார். 1240-களின் தொடக்கத்தில் சபை அவரைப் பாரிசுக்கு அனுப்பியது. 1245-இல் அங்கே இறையியல் பேராசிரியரானார். சாமிநாதர் சபையின் ஜெர்மானியருள் அந்தப் பதவியை அடைந்த முதல்வர் அவரே. பாரிசில் இன்றும் அவர் பெயரால் ஒரு தெரு உண்டு.

அந்தப் பாரிஸ் ஆண்டுகளைப் பேசும்போது ஒன்றை மறைக்க நமக்கு மனமில்லை. 1248-இல் திருத்தந்தையின் தூதர் யூதர்களின் தல்மூத் நூலைக் கண்டித்துத் தீர்ப்பளித்தபோது, அதற்கு உடன்பட்ட பாரிஸ் அறிஞர்களுள் ஆல்பர்ட்டும் ஒருவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்நூலின் படிகள் பாரிசில் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டிருந்தன. இதே ஆல்பர்ட் யூத அறிஞரான மைமோனிடசின் நூலை ஆவலோடு படித்தவர், தம் நூல்களில் பலமுறை பயன்படுத்தியவர். ஒரு யூதரிடம் கற்றுக்கொண்ட மனிதர், யூதர்களின் நூலைக் கண்டிக்கும் பட்டியலிலும் இருந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் யூதர்களைக் குறித்துத் திருச்சபையின் மனப்பான்மையைத் தெளிவுபடுத்திய பின் வாழ்கிற நமக்கு இது வலிக்கிறது, வலிக்கவும் வேண்டும். புனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இத்தகைய பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. அது புனிதர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நாம் நினைக்கவில்லை.

அதே 1248-இல் அவர் கொலோன் நகருக்கு அனுப்பப்பட்டார். சபையின் உயர்கல்வி நிலையம் ஒன்றை அங்கே தொடங்குவது அவர் பணி. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்புத் திருநாளன்று, கொலோன் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தப் பேராலயம் கட்டி முடிய 1880 வரை ஆனது. ஆல்பர்ட்டோடு அங்கே வந்த மாணவர்களுள் இத்தாலியரான ஓர் இளம் துறவி இருந்தார். பருத்த உடல், அதிகம் பேசாதவர். உடன் படித்தவர்கள் அவரை ஊமை எருது என்று கேலி செய்தார்கள். இந்த எருதின் குரல் ஒருநாள் உலகமெங்கும் கேட்கும் என்று ஆல்பர்ட் அவர்களுக்குச் சொன்னதாக மரபு. அந்த மாணவர்தான் தாமஸ் அக்குவினாஸ். ஆசிரியரின் வகுப்புகளை அவர் தம் கையால் எழுதிய குறிப்புகள் இன்றும் உள்ளன. அவருடைய கையெழுத்து எளிதில் படிக்க முடியாத கிறுக்கல் என்று அறிஞர்கள் சொல்வதைக் கேட்டபோது, நம் மறைக்கல்விப் பிள்ளைகள் சிலருடைய ஏடுகள் நம் நினைவுக்கு வந்தன.

கொலோனில்தான் அந்தப் பெரிய வேலை தொடங்கியது. இயற்கையைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூல்கள் தங்களுக்குப் புரியும்படி ஒரு நூல் எழுதித் தரவேண்டும் என்று சகோதரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆல்பர்ட் இணங்கினார். ஒரு நூல் என்று ஆரம்பித்தது சுமார் 20 ஆண்டுகள் நீடித்தது. இயற்பியல், வானம், வானிலை, கனிமங்கள், ஆன்மா, உறக்கமும் விழிப்பும், தாவரங்கள், விலங்குகள், கணிதம், தர்க்கம், அறநெறி, அரசியல், மெய்ப்பொருளியல் என்று அந்தக் காலத்தில் மனிதர் அறிந்திருந்த துறைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார். அரிஸ்டாட்டில் எழுதாமல் விட்ட இடங்களிலும், அவர் நூல் கிடைக்காத இடங்களிலும் தாமே எழுதி நிரப்பினார். விலங்குகளின் நடமாட்டத்தைப் பற்றிய நூல் கிடைக்காததால் சொந்தமாக ஒன்று எழுதினார். பிறகு இத்தாலிக்குப் போனபோது அரிஸ்டாட்டிலின் நூலே கையில் கிடைத்தது. அதற்காகச் சலித்துக்கொள்ளவில்லை. அதை வைத்து மறுபடியும் எழுதினார்!

இவற்றோடு இயேசுவின் நற்செய்தியை அவர் மறக்கவில்லை. நான்கு நற்செய்திகளுக்கும், எசாயாவுக்கும், யோபுக்கும், சிறிய இறைவாக்கினர்களுக்கும் விளக்கவுரை எழுதினார். முதுமையில் திருப்பலியைப் பற்றியும் நற்கருணையைப் பற்றியும் எழுதினார். 1890-களில் பாரிசில் அவருடைய நூல்களை அச்சிட்டபோது 38 பெரிய தொகுதிகள் ஆயின. அவற்றுள் சில அவருடையவை அல்ல என்று பின்னர் தெரிந்தது. கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுச் செம்மையான பதிப்பு ஒன்று 1951 முதல் ஜெர்மனியில் வெளிவரத் தொடங்கியது. ஒரு மனிதர், அதுவும் கால்நடையாகவே திரிந்த மனிதர், இறகுப்பேனாவால் எழுதியதை அறிஞர் குழு ஒன்று பல பத்தாண்டுகளாகப் பதிப்பித்து வந்தும் வேலை நீண்டுகொண்டே போனது.

இத்தனை துறைகளையும் ஒருவர் எப்படிக் குழப்பமின்றிக் கையாண்டார்? இதை நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல் என்று அவர் கருதவில்லை. விசுவாசமும் அறநெறியும் பற்றிய செய்தியில் மெய்யியலாரைவிட அகுஸ்தினாரையே நம்பவேண்டும், மருத்துவம் என்றால் கேலனையும் ஹிப்போகிரட்டசையும், இயற்கை என்றால் அரிஸ்டாட்டிலையும் நாடவேண்டும் என்று அவர் எழுதினார். ஒவ்வொரு துறைக்கும் அதற்குரிய வழியும் அதற்குரிய சான்றும் உண்டு. இயற்கையை ஆராயும்போது, இறைவன் நினைத்தால் புதுமையாக என்ன செய்யக்கூடும் என்று கேட்கக்கூடாது, படைப்பில் அவர் வைத்த காரணங்களால் என்ன நடக்கிறது என்றே கேட்கவேண்டும் என்றும் எழுதினார். புதுமைகளை நம்பிய துறவி அவர். ஆயினும் பதில் தெரியாத இடத்தில் எல்லாம் புதுமை என்ற சொல்லைப் போட்டு நிரப்ப அவருக்குச் சம்மதமில்லை.

அரிஸ்டாட்டிலையும் அவர் கும்பிடவில்லை. அவரைத் தெய்வம் என்று நம்புகிறவர் அவர் தவறே செய்யவில்லை என்று நம்பிக்கொள்ளட்டும், மனிதர் என்று நம்புகிறவர் நம்மைப் போல் அவரும் தவறக்கூடும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆல்பர்ட்டின் கருத்து. தாவரங்களைப் பற்றி எழுதுகையில், தனித்தனிச் செடிகளின் இயல்பைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது, கண்டறிந்த அனுபவமே உறுதி தரும் என்றார். ஆகவே கண்டறிந்தார். செடியின் முள்ளில், தண்டோடு சேர்ந்து வளர்வதும் தோலில் மட்டும் முளைப்பதும் வேறு வேறு என்று பிரித்தார். பூக்களைப் பறவை வடிவம், மணி வடிவம், விண்மீன் வடிவம் என்று வகைப்படுத்தினார்.

விலங்குகளைப் பற்றிய அவர் நூல் 26 பகுதிகள் கொண்டது. அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நமக்கு நிறுத்த மனம் வருவதில்லை. நெருப்புக்கோழி இரும்பைத் தின்று செரிக்கும் என்று பழைய நூல்கள் எல்லாம் சொல்லின. ஆல்பர்ட் நெருப்புக்கோழிகளுக்கு இரும்பைப் போட்டுப் பார்த்தார். அவை கற்களைத் தின்றன, எலும்புத் துண்டுகளைத் தின்றன, இரும்பைத் தொடவில்லை. ஒருவகைக் கடல்வாத்து மரத்தில் காய்த்து விழுவதாக மக்கள் நம்பினார்கள். காய்தானே, இறைச்சி இல்லையே என்று தவக்காலத்தில் அதை உண்டவர்களும் இருந்தார்கள். அவை இணைசேர்வதையும் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதையும் தாமும் நண்பர்களும் கண்டதாக ஆல்பர்ட் எழுதினார். தவக்காலத்தில் வாத்துக்கறி உண்டவர்கள் அவரை விரும்பியிருக்க மாட்டார்கள். வேட்டைக்காரர் துரத்தும்போது நீர்நாய் போன்ற பீவர் என்னும் விலங்கு தன் உறுப்பைத் தானே கடித்தெறிந்து தப்பும் என்ற கதையைப் பொய் என்றார். மறையுரைகளில் மிகவும் பயன்பட்ட கதை அது! செங்குத்தான பாறையில் கட்டிய கழுகுக் கூட்டை, நீண்ட கயிற்றில் ஆளை இறக்கி ஆண்டுதோறும் பார்க்கச் செய்தார். வடகடலின் ஃபிரீசியக் கரையில் திமிங்கில வேட்டையைப் பற்றி மீனவரிடம் விசாரித்து எழுதினார். இலத்தீன் தெரிந்த பேராசிரியர் வேட்டைக்காரரிடமும் சுரங்கத் தொழிலாளியிடமும் மீனவரிடமும் பாடம் கேட்டார் என்பது அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தி அல்ல.

எல்லாம் சரியாக எழுதினார் என்று சொல்லவரவில்லை. கோள்கள் மனிதர்மேல் செலுத்தும் தாக்கத்தைப் பற்றியும், கற்களின் ஆற்றலைப் பற்றியும் அவர் நம்பிய பல செய்திகளை இன்று எந்த அறிவியல் ஆசிரியரும் ஏற்கமாட்டார். அவர் அன்று அரிஸ்டாட்டிலுக்குச் சொன்னது அவருக்கும் பொருந்தும்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. துறவிக்கு மெய்யியல் எதற்கு, பூச்சியும் புழுவும் எதற்கு என்று சபைக்குள்ளேயே முணுமுணுத்தார்கள். பெரும்பாலும் பொறுமையோடு எழுதும் ஆல்பர்ட் இந்த இடத்தில் மட்டும் சினங்கொள்கிறார். அரிஸ்டாட்டிலின் அரசியல் நூலுக்கு எழுதிய உரையின் முடிவில், தாங்கள் சோம்பிக் கிடந்துகொண்டு பிறர் நூல்களில் குற்றம் மட்டுமே தேடுகிறவர்களைச் சாடுகிறார். இப்படிப்பட்டவர்களே சாக்ரட்டீசைக் கொன்றார்கள், பிளேட்டோவை ஏதென்சைவிட்டு ஓட்டினார்கள் என்கிறார். உடலில் பித்தம் பரவி எல்லாவற்றையும் கசப்பாக்குவதுபோல, இவர்கள் கல்விக் கூட்டத்தில் கசப்பைக் கலந்து, தோழமையின் இனிமையில் உண்மையைத் தேடும் மகிழ்ச்சியைப் பிறருக்கு இல்லாமல் செய்கிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. கூட்டாகத் தேடுவதில் உள்ள இனிமையைத்தான் அவர் இழக்க விரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1259-இல் பிரான்சின் வலென்சியன் நகரில் கூடிய சபைப் பேரவை, கல்வி ஒழுங்கை வகுக்க ஐவர் குழுவை நியமித்தது. ஆல்பர்ட், அவர் மாணவர் தாமஸ், பின்னாளில் ஐந்தாம் இன்னொசென்ட் என்ற பெயரில் திருத்தந்தையான பேதுரு ஆகியோர் அதில் இருந்தார்கள். குருக்களாக வேண்டியவர்கள் மெய்யியலையும் கலைகளையும் கற்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று அக்குழு வகுத்தது. மேலோட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று 1228-இல் சொன்ன சபை 31 ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் இது. நம் குருமடங்களில் இறையியலுக்கு முன் மெய்யியல் கற்பிக்கும் வழக்கத்தின் பின்னணியில் இத்தகைய முடிவுகளும் உண்டு. மாணவப் பருவத்தில் மெய்யியல் வகுப்பில் தூங்கி வழிந்தவர்களுள் நாங்களும் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம்.

அவர் நூலறையிலேயே அடைந்து கிடந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். 1254 முதல் 1257 வரை ஜெர்மானிய மாநிலத் தலைவராக, ஆல்ப்ஸ் மலை முதல் வடகடல் வரை பரந்திருந்த இல்லங்களை நடந்தே சந்தித்தார். குதிரையில் வந்த இல்லத் தலைவர்களுக்குத் தண்டனை விதித்தார். கொலோன் பேராயருக்கும் நகர மக்களுக்கும் மூண்ட சண்டைகளில் 1252-இலும் 1258-இலும் நடுவராக இருந்து தீர்த்து வைத்தார். இரு தரப்பும் நம்பிய ஒரே ஆள் அவர்தான் போலும்.

1260-இல் திருத்தந்தை நான்காம் அலெக்சாண்டர் அவரை ரேகன்ஸ்பர்க் மறைமாவட்டத்தின் ஆயராக நியமித்தார். சபைத் தலைவர் ஹம்பர்ட் அதிர்ந்துபோனார். தம் அன்பு மகனை ஆயரின் இருக்கையில் காண்பதைவிடப் பாடையில் காண்பதே மேல் என்ற பொருளில் உருக்கமாக ஒரு கடிதம் எழுதினார். ஆயர்கள் கோட்டையில் வாழ்ந்து, படை திரட்டி, குதிரையில் வலம்வந்த காலம் அது. பிச்சையெடுத்து வாழும் துறவி அங்கே தம் அழைத்தலை இழந்துவிடுவார் என்று அவர் பயந்தார். ஆல்பர்ட் திருத்தந்தைக்குக் கீழ்ப்படிந்தார். போய்ப் பார்த்தால் கருவூலம் காலி, கடன் மட்டும் நிறைய. தம் கனமான நாட்டுக் காலணிகளோடு மறைமாவட்டத்தை நடந்து சுற்றினார். மக்கள் அந்தக் காலணியின் பெயரையே அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டினார்கள். கடன்களை ஒழுங்குபடுத்தினார். கிடைத்த நேரத்தில் டான்யூப் கரைக் கோட்டையில் மீன்களைக் கவனித்தார். பணி ஓரளவு சீரானதும் பதவி விலக அனுமதி கேட்டார். 1262-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் அதை ஏற்றுக்கொண்டார்.

அதே திருத்தந்தை 1263-இல் அவரை ஜெர்மானிய நாடுகளில் சிலுவைப் போருக்காகப் போதிக்க அனுப்பினார். கீழ்ப்படிந்து அதையும் செய்தார். அதைப் பற்றி நமக்குப் பெருமையாக எழுத ஒன்றுமில்லை. பிறகு வூர்ட்ஸ்பர்க், ஸ்ட்ராஸ்பர்க் நகரங்களில் சில ஆண்டுகள் தங்கிவிட்டு, ஏறத்தாழ 1270-இல் கொலோன் இல்லத்துக்கே திரும்பினார். ஆலயங்களை அர்ச்சித்தார், வழக்குகளைத் தீர்த்தார், எழுதினார்.

1274 மார்ச் 7-ஆம் நாள், லியோன் பொதுச்சங்கத்துக்குப் போகும் வழியில் தாமஸ் இறந்தார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டவில்லை. ஆசிரியரோ எழுபதைக் கடந்தவர். அதன்பின் தாமஸ் பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஆல்பர்ட் கண்ணீர் விட்டார் என்றும், முதுமையின் தளர்ச்சியோ என்று சகோதரர்கள் கவலைப்படும் அளவுக்கு அழுதார் என்றும் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். 1277-இல் பாரிஸ் ஆயர் பல மெய்யியல் கருத்துகளைக் கண்டித்துப் பட்டியல் வெளியிட்டார். தாமசின் பெயருக்கும் களங்கம் வருமோ என்ற பேச்சு எழுந்தது. முதியவர் ஆல்பர்ட் கொலோனிலிருந்து பாரிசுக்கே போய்த் தம் மாணவருக்காக வாதாடினார் என்று தாமசின் புனிதர் பட்ட விசாரணையில் ஒருவர் சாட்சியம் அளித்தார். அந்த வயதில் அந்தப் பயணம் நடந்திருக்குமா என்று அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். நடக்காவிட்டாலும், நடந்திருக்கும் என்று அவரை அறிந்தவர்கள் நம்பினார்கள் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பெற்ற பிள்ளைக்காக எழுந்து வருவதுபோல மாணவனுக்காக எழுந்து வரும் ஆசிரியராகவே அவர்கள் அவரைக் கண்டிருந்தார்கள்.

1279 சனவரியில் தம் விருப்ப ஆவணத்தை எழுதினார். நூல்கள் எல்லாம் இல்லத்தின் நூலகத்துக்கு, திருவுடைகள் திருப்பொருளறைக்கு, தங்கமும் வெள்ளியும் ஆலயத்தின் பலிபீடப் பகுதியைக் கட்டி முடிக்க. அதன்பின் நினைவு தடுமாறத் தொடங்கியது. விரிவுரை நடத்திக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்துபோய் நின்றுவிட்டார் என்கிறது மரபு. அறிந்தவற்றை எல்லாம் எழுதியவருக்கு, எழுதியது எதுவும் நினைவில் இல்லை. கொலோன் பேராயர் ஒருநாள் அவரைக் காண வந்து அறைக்கதவைத் தட்டினாராம். ஆல்பர்ட் இங்கே இல்லை என்று உள்ளேயிருந்து அவருடைய குரலே பதில் சொன்னதாம். பேராயர் அழுதுகொண்டே திரும்பிப் போனார் என்று பிற்காலத்தவர் எழுதிவைத்தார்கள். முதிர்ந்த பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. திருப்பலியும் செபங்களும் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை என்கிறார்கள். நாள்தோறும் தம் கல்லறைக்குக் குறித்த இடத்துக்குச் சென்று, தமக்கே இறந்தோர் செபத்தைச் சொல்லி வந்தாராம். 1280 நவம்பர் 15-ஆம் நாள், சகோதரர்கள் சூழ்ந்திருக்க உயிர் துறந்தார்.

மாணவர் தாமஸ் 1323-இலேயே புனிதரானார். ஆசிரியர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு காரணம், மக்கள் அவரை மந்திரவாதி ஆக்கிவிட்டார்கள் என்பதுதான். பேசும் தலை ஒன்றை உருவாக்கினார், கடுங்குளிரில் தோட்டத்தைப் பூக்க வைத்தார் என்றெல்லாம் கதை கட்டினார்கள். மந்திர நூல்களை எழுதியவர்கள் விற்பனைக்காக அவர் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். காரணத்தைத் தேடிய மனிதருக்கு இப்படி ஒரு பெயர்! 1622-இல் அருளாளர் பட்டம் கிடைத்தது. 1931 டிசம்பர் 16-ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைப் புனிதராகவும் மறைவல்லுநராகவும் அறிவித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், போர் நடந்துகொண்டிருந்த 1941-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை இயற்கை அறிவியல்களைப் பயில்வோரின் பாதுகாவலராக்கினார். அவர் இறந்த 700-ஆம் ஆண்டான 1980-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொலோனுக்குப் போய் அவர் கல்லறையில் செபித்தார். அந்த நாளிலேயே பேராலயத்தில் அறிவியலாரையும் மாணவரையும் சந்தித்துப் பேசினார்.

ஆல்பர்ட்டின் உடல் இன்று கொலோனில் புனித அந்திரேயா ஆலயத்தின் நிலவறையில், உரோமையர் காலத்துக் கற்பேழை ஒன்றில் இருக்கிறது. விலங்குகளைப் பற்றிய நூலை அவர் தம் கையாலேயே எழுதிய தோல் ஏடு, அந்நகரின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தது. 2009 மார்ச் 3-ஆம் நாள் அந்தக் காப்பகக் கட்டடம் இடிந்து விழுந்தது. பக்கத்து வீடுகளும் சரிந்து, இருவர் உயிரிழந்தார்கள். தீயணைப்புப் படையினரும் தன்னார்வலரும் வாரக்கணக்கில் இடிபாட்டைக் கையால் அள்ளி, மண்ணும் நீரும் படிந்த ஏடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். அவர்கள் மீட்டவற்றில் ஆல்பர்ட்டின் கையெழுத்தும் இருந்தது.